குரூசர் வாங்கும் முன் பின்சீட்டைப் பாருங்கள்

சேலத்தில் ஒருவர் பைக் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் முதல் கேள்வி "எத்தனை சிசி?" என்பதுதான். அடுத்தது "மைலேஜ் எவ்வளவு?" ஆனால் குரூசர் (தாழ்ந்த சீட்டும் நீண்ட உடலுமாக வரும் பைக் வகை) என்று சொல்லிவிட்டால் கேள்வியே வராது. "அப்ப என்ன, ரெண்டு பேர் சொகுசா போகலாம்" என்று தீர்ப்பே வந்துவிடும். கூடவே ஓர் இலவச அறிவுரை: "டபுள்ஸ்ல ஏற்காடு ஏறணும்னா பெரிய இன்ஜினா எடுத்துருங்க."

இரண்டுமே பாதி உண்மை. குரூசரில் சொகுசு இருக்கிறது, ஆனால் அது ஓட்டுபவரை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. பின்னால் உட்காருபவருக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மலை ஏறத் தேவைப்படும் சக்தியோ பலர் நினைப்பதில் கால்வாசிகூட இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம்.

இந்தக் கட்டுரை யாருக்கு என்றால், வார இறுதியில் கணவனும் மனைவியுமாகவோ அம்மாவை ஏற்றிக்கொண்டோ நண்பருடனோ ஒரு பையைக் கட்டிக்கொண்டு ஏற்காடு, மேட்டூர், ஒகேனக்கல் என்று போக நினைப்பவர்களுக்கு. எப்போதாவது கோவையோ பெங்களூரோ போவார்கள். லடாக் திட்டம் இருப்பவர்களுக்கு இது போதாது.

குரூசரின் உடல்வாகு

தாழ்ந்த சீட், நீண்ட உடல், கொஞ்சம் முன்னால் நீட்டி வைக்கும் கால், நம்மை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார். நேரான சாலையில் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் போவதற்கான உடல்வாகு இது. பார்த்ததும் பிடித்துப்போவதற்கும் இதுவே காரணம்.

தாழ்ந்த சீட்டில் உண்மையான நன்மை இருக்கிறது. பஜாஜ் அவெஞ்சர் 220-இன் சீட் உயரம் 737 மில்லிமீட்டர், ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650-க்கு 740, மீட்டியர் 350-க்கு 765. அதே நிறுவனத்தின் கிளாசிக் 350 குரூசர் வகை இல்லை, அதன் சீட் 805 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ளவர் அவெஞ்சரிலோ மீட்டியரிலோ இரண்டு காலையும் முழுதாக ஊன்றி நிற்கலாம். பின்னால் 60 கிலோ ஆள் ஏறும் நொடியில் வண்டி லேசாக ஆடும். அப்போது நுனிக்காலில் நிற்பதற்கும் பாதம் பதித்து நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நஷ்டமும் உண்டு. கால் முன்னால் போகப் போக உடம்பின் எடை முழுவதும் இடுப்பின் அடியில் போய் உட்காரும். சாதாரண பைக்கில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்டை மிதித்துச் சற்றே எழுந்துகொள்ளலாம், முழங்கால் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். கால் ரொம்ப முன்னால் இருக்கும் குரூசரில் அப்படி எழ முடியாது. அதனால் ஃபுட்ரெஸ்ட் அளவோடு முன்னால் இருக்கும் வண்டிதான் நம் ஊர் வேகத்தடைகளுக்கு ஏற்றது என்பது என் கட்சி. படத்தில் பார்க்க எது கம்பீரமாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எடை எந்தச் சக்கரத்தில் விழுகிறது

பின்சீட் விஷயத்தில் பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது, எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு பேர் ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளையும் தோளில் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு காபி மூட்டையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை சரிநடுவில் இருந்தால் இருவருக்கும் சமச்சுமை. பின்னால் இருப்பவர் பக்கம் நகர்ந்தால் அவர் தோள்தான் வாங்கும், முன்னால் இருப்பவர் கைவீசி நடப்பார். கழி பின்னவரின் தோளையும் தாண்டி நீண்டு, மூட்டை அந்த நீட்டலில் தொங்கினால் முன்னவரின் முனை மேலே எழும்பப் பார்க்கும். அவர் இனி அதை அழுத்திப் பிடிக்கவேண்டும்.

பைக்கில் அந்த இருவர்தான் இரண்டு சக்கரங்கள். கழியின் நீளத்துக்கு வீல்பேஸ் என்று பெயர்: முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலுள்ள தூரம். மீட்டியர் 350-இல் இது 1,400 மில்லிமீட்டர்.

இப்போது ஆட்களை ஏற்றுவோம். ஓட்டுபவர் 70 கிலோ, பின் அச்சுக்கு 500 மில்லிமீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் எடையில் 25 கிலோ முன்சக்கரத்துக்கும் 45 கிலோ பின்சக்கரத்துக்கும் போகும். பின்னால் இருப்பவர் 60 கிலோ, அச்சுக்கு 140 மில்லிமீட்டர்தான் முன்னால். அவருடைய எடையில் 54 கிலோ பின்சக்கரத்துக்கு, வெறும் 6 கிலோ முன்னுக்கு. கேரியரில் 10 கிலோ பெட்டி ஒன்றை அச்சுக்கு 210 மில்லிமீட்டர் பின்னால் மாட்டுகிறோம். அது பின்சக்கரத்தில் 11.5 கிலோவாக இறங்கும். கூடுதல் ஒன்றரை கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திலிருந்து. கழியின் முன்முனை எழும்பியதே, அதேதான்.

கூட்டிப் பார்த்தால், வண்டியில் ஏறிய 140 கிலோவில் ஏறத்தாழ 110 கிலோ பின்சக்கரத்தின் தலையில். ஐந்தில் நான்கு பங்கு. நான் எடுத்துக்கொண்ட அளவுகளை ஆளுக்கும் சீட்டுக்கும் தக்கபடி மாற்றிப் போட்டாலும் விகிதம் பெரிதாக மாறாது. ஆகவே டபுள்ஸ் போக வண்டி எடுக்கிறோம் என்றால், பின் டயர், பின் ஷாக் அப்சார்பர், பின் பிரேக் இந்த மூன்றையும்தான் முதலில் விசாரிக்கவேண்டும். ஷோரூமில் அதைக் கேட்பவர் அபூர்வம்.

பெட்டி விஷயத்தில் ஒரு வார்த்தை. கனமான சாமான்களைப் பின்னால் உயரமாகக் கட்டுவதைவிட, இரு பக்கமும் தொங்கும் பைகளில் தாழ்வாக வைப்பது நல்லது. தண்ணீர் பாட்டில், கருவிகள், பூட்டு எல்லாம் பக்கப் பையில். மேல்பெட்டிக்கு ஸ்வெட்டரும் துண்டும் போதும்.

சுருக்கமாக: ஓட்டுபவரின் எடையை இரு சக்கரங்களும் பகிர்ந்துகொள்கின்றன, பின்னால் உட்காருபவரைக் கிட்டத்தட்ட பின்சக்கரம் மட்டுமே சுமக்கிறது, அச்சுக்குப் பின்னால் போகும் சுமை முன்சக்கரத்தைத் தூக்குகிறது.

பிரீலோடு: எல்லோரும் தப்பாகச் சொல்லும் விஷயம்

குரூசர்களில் பெரும்பாலும் பின்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் இருக்கும். அவற்றின் ஸ்பிரிங்குக்குக் கீழேயோ மேலேயோ படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் தெரியும். சி வடிவ ஸ்பேனரால் அதைத் திருப்பலாம். மீட்டியர் 350-இல் ஆறு படிகள். பலர் வண்டியை வாங்கி விற்கும்வரை இதைத் தொடுவதேயில்லை.

வளையத்தைத் திருப்பும்போது ஸ்பிரிங்கை ஆள் ஏறுவதற்கு முன்பே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம். அந்த முன்னழுத்தத்துக்குத்தான் பிரீலோடு என்று பெயர். "அதைத் திருப்பினால் ஷாக் கட்டியாகிவிடும்" என்று மெக்கானிக்குகள்கூடச் சொல்வார்கள். ஸ்பிரிங் கட்டியாவதில்லை. மூன்று கிலோ வைத்தால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், ஆறாவது படியில் வைத்தாலும் தாழத் தொடங்கிய பிறகு அடுத்த மூன்று கிலோவுக்கு அதே ஒரு மில்லிமீட்டர்தான் அமுங்கும். மாறுவது அது எந்த உயரத்தில் நின்று வேலையைத் தொடங்குகிறது என்பது மட்டுமே.

அதனால் என்ன பயன்? பின்னால் ஒருவர் ஏறியதும் வண்டியின் பின்பாகம் தாழ்கிறது. பள்ளத்தை விழுங்குவதற்காக ஷாக் அப்சார்பருக்கு இருந்த இடத்தில் ஒரு பகுதி, வண்டி நகர்வதற்கு முன்பே செலவாகிவிட்டது. அடுத்து ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மிச்ச இடமும் தீர்ந்து, ஷாக் அடிமட்டத்தில் போய் இடிக்கும். அந்த இடி நேராகப் பின்சீட்டுக்காரரின் முதுகெலும்புக்குப் போகும். "இந்த வண்டியில உக்காந்தா முதுகு உடையுது" என்ற புகார்களில் பாதி இங்கே பிறப்பவை. இரண்டு மூன்று படி ஏற்றினால் பின்பாகம் பழைய உயரத்துக்குத் திரும்பும், ஷாக்குக்கு இடம் கிடைக்கும்.

தனியாகப் போகும்போது பழையபடி இறக்கிவிடவேண்டும். இறக்காவிட்டால் ஓட்டுபவரின் எடைக்கு ஸ்பிரிங் போதிய அளவு தாழாது, வண்டி துள்ளும். ஷாக் கட்டியாகிவிட்டது என்ற எண்ணம் அந்தத் துள்ளலில்தான் வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்பாகம் தாழ்வதால் இன்னும் இரண்டு தொல்லைகள். முன்விளக்கின் ஒளி மேலே ஏறிவிடும். சமவெளியில் அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கிய மாலையில் மேலே போகும் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் முகத்துக்கே திரும்பும், சாலையில் ஒன்றும் தெரியாது. அடுத்தது, வண்டியின் அடிவயிறு தரைக்கு நெருங்கும். மீட்டியர் 350-க்குத் தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி. பெரிய அண்ணனான சூப்பர் மீட்டியர் 650-க்கு 135 மட்டும்தான். இருவர் உட்கார்ந்து, பிரீலோடும் ஏற்றாமல், நம் கிராமத்து வேகத்தடை ஒன்றில் அதை ஏற்றினால் என்ன சத்தம் வரும் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

டயர் காற்றும் இதே வகை. பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் பின் டயருக்குத் தனியாகப் போக ஓர் அளவு, இருவர் போக ஓர் அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். பங்க்கில் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

ஏற்காடு ஏற எத்தனை குதிரை வேண்டும்

இரண்டு பேரும் பெட்டியுமாகச் சேர்ந்த 140 கிலோவோடு மீட்டியர் 350-இன் எடை 191 கிலோவையும் கூட்டினால் சுமார் 330 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஒரு சரிவில் இதை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மேலே தள்ளவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறக்குறைய 2,150 வாட் தேவை. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதாவது மூன்று குதிரைத்திறனுக்கும் குறைவு! டயர் உருளும் எதிர்ப்பு, காற்று எல்லாம் சேர்த்தாலும் நாலைத் தாண்டுவது கஷ்டம். மீட்டியரின் இன்ஜினிடம் இருப்பதோ 20 குதிரைத்திறன்.

நூறு சிசி வண்டியில் மூன்று பேர் ஏறிப் போவதை நாம் பார்க்கத்தானே செய்கிறோம். அது சட்டப்படி தவறு, ஆனால் இயற்பியல் ஒன்றும் தடுக்கவில்லை.

அப்படியென்றால் மலையில் சில வண்டிகள் ஏன் திணறுகின்றன? இங்கேதான் டார்க் வருகிறது. டார்க் என்பது இன்ஜின் தன் அச்சைத் திருகும் விசை, நம் பேச்சில் இழுவை. அந்தத் திருகு விசையை நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தோடு பெருக்கினால் கிடைப்பது குதிரைத்திறன். ஒரே குதிரைத்திறனை இரண்டு வழியில் பெறலாம்: நிதானமாகச் சுற்றி வலுவாகத் திருகலாம், அல்லது லேசாகத் திருகி வேகமாகச் சுற்றலாம்.

இதற்கு ஓர் அழகான ஜோடி கையிலேயே இருக்கிறது. அவெஞ்சர் 220-க்கு ஏறத்தாழ 19 குதிரைத்திறன், மீட்டியர் 350-க்கு 20. கிட்டத்தட்ட சமம். ஆனால் அவெஞ்சரின் உச்ச டார்க் 17.5 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 7,000 சுற்றில். மீட்டியருக்கு 27 நியூட்டன் மீட்டர், 4,000 சுற்றிலேயே. ஹோண்டா ஹைனெஸ் சிபி350 இன்னும் ஒரு படி போய் 30 நியூட்டன் மீட்டரை 3,000 சுற்றில் தருகிறது.

அடிவாரம் வழியாக ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் பதினைந்துக்கு இறங்கி, இன்ஜின் சுற்றும் இறங்கி, அந்த நிலையிலிருந்து மறுபடி இழுக்கவேண்டும். குறைந்த சுற்றில் டார்க் உள்ள வண்டி, இரண்டாம் கியரிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பிவிடும். மேல் சுற்றில் டார்க் உள்ள வண்டியை முதல் கியருக்குத் தட்டி, சுற்றை ஏற்றி, கொஞ்சம் ஹாஃப் கிளட்ச் கொடுத்து எடுக்கவேண்டும். ஏறாது என்று இல்லை. அவெஞ்சர் 28 கிலோ லேசானது வேறு, தாராளமாக ஏறும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் கையும் காலும் வேலை செய்யும், பின்னால் இருப்பவர் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஆடுவார், இரண்டு ஹெல்மெட்டும் முட்டிக்கொள்ளும்.

உயரமும் கொஞ்சம் சக்தியைத் தின்னும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவதால் இன்ஜினின் சக்தியும் ஏறத்தாழ அதே அளவு குறையும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் மட்டும் குறையாமல் வந்து புகை கக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கப்படும் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது, அது காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலை அளந்து விடும். எப்படியும் நமக்குத் தேவை நாலு குதிரை, இருப்பதில் ஆறில் ஒரு பங்கு போனால் போகட்டும்.

பெரிய இன்ஜின் உண்மையில் எங்கே உதவும் என்றால், சமவெளியில். காற்றை எதிர்த்துத் தள்ளத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப உயரும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 100-க்குப் போனாலே அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. கோவை நெடுஞ்சாலையில் இருவரோடு 80, 85 என்று போவதற்கு 350 சிசி தாராளம். 100-க்கு மேல் நிலையாகப் போய், லாரியை முந்தவும் வேண்டும் என்றால் 20 குதிரைத்திறன் மூச்சுவாங்கும். அப்போதுதான் 47 குதிரைத்திறன் உள்ள 650-க்கு அர்த்தம் உண்டு. மலைக்காகப் பெரிய வண்டி என்ற அறிவுரையை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடலாம்.

ஆக, மலைக்குக் குறைந்த சுற்றில் கிடைக்கும் டார்க், நெடுஞ்சாலை வேகத்துக்குக் குதிரைத்திறன். சிசி எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டில் எது கிடைக்கிறது என்று தெரியாது.

வளைவில் ஹேண்டில் ஏன் கனக்கிறது

குரூசரின் முன் ஃபோர்க் மற்ற பைக்குகளைவிடப் பெரும்பாலும் அதிகம் சாய்ந்து, சக்கரத்தை முன்னால் தள்ளி வைத்திருக்கும். இந்தச் சாய்வுக்கு ரேக் என்று பெயர். ரேக் அதிகமானால் வேகத்தில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் போகும். குறைந்த வேகத்தில் கூர்மையாகத் திருப்பும்போது ஹேண்டில் தானாகவே உள்பக்கம் சரிந்து விழப் பார்க்கும், நாம் அதைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். வீல்பேஸும் நீளமென்றால் திரும்ப அதிக இடம் பிடிக்கும். அவெஞ்சருக்கு 1,490 மில்லிமீட்டர், சூப்பர் மீட்டியருக்கு 1,500. கழி நீளமாக இருப்பதால் பின்னால் இருப்பவருக்குக் குலுக்கல் குறைகிறது. வளைவில் அதற்கு விலை கொடுக்கிறோம்.

பின்பாகம் தாழ்ந்தால் ரேக் இன்னும் கொஞ்சம் கூடிவிடும். அதனால்தான் தனியாகப் போகும்போது சமர்த்தாக இருக்கும் வண்டி, டபுள்ஸில் கொண்டை ஊசியில் அகலமாகப் போய் எதிர்ப்பக்கத்தைத் தொடுகிறது. பிரீலோடு ஏற்றினால் இதுவும் பெருமளவு சரியாகும். மற்றபடி, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் வளைவு முடியும் இடத்தில் வைப்பது, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி இன்ஜினை இழுக்கவைப்பது, இவ்வளவுதான் வித்தை. பின்னால் இருப்பவரிடம் ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள்: வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் சாயவேண்டாம், ஓட்டுபவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

இறங்கும்போது

ஏறும்போது இன்ஜின் கொடுத்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. 330 கிலோ 1,200 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 30 டிகிரியில் உள்ள 13 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். இதை எல்லாம் பிரேக்கே வாங்கினால் டிஸ்க்கும் பேடும் பழுக்கக் காய்ந்து, பிடிமானம் குறைந்துவிடும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும் வேலை செய்யும். நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

வாங்கும்போது கவனிக்க: இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கும் ஏற்பாடுதான் ஏபிஎஸ். ஒற்றைச் சேனல் என்றால் முன்சக்கரத்துக்கு மட்டும், இரட்டைச் சேனல் என்றால் இரண்டுக்கும். ஏற்றிய எடையில் ஐந்தில் நான்கு பங்கைப் பின்சக்கரம் தாங்குகிறது என்று பார்த்தோம், எனவே பின் பிரேக்குக்கு இங்கே வேலை அதிகம். மழை பெய்து இலை உதிர்ந்து கிடக்கும் மலைச்சாலையில் இரட்டைச் சேனலுக்குக் கூடுதல் பணம் தருவது வீணில்லை.

பின்சீட்டே பேசட்டும்

சில குரூசர்களில் பின்சீட் என்பது ஓர் ஒப்புக்கு இருக்கும். பாபர் என்ற வகையில் அதுகூட இல்லை. ஜாவா பெராக் ஒற்றைச் சீட்டோடுதான் வரும். பார்த்தவுடன் மயங்கி முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

சீட்டின் அகலம் பார்க்கவேண்டும். முன்சீட்டைவிடப் பின்சீட் மெல்லியதாக, பின்னோக்கிச் சரிந்து இருந்தால், ஏற்றத்தில் பின்னால் இருப்பவர் நழுவிக்கொண்டே போவார். எட்டு சதவீதச் சரிவில் 60 கிலோ ஆளைப் பின்னால் இழுக்கும் விசை ஐந்து கிலோ அளவு. அதை அவர் கையால் பிடித்துச் சமாளிக்கவேண்டும், அல்லது முதுகுச் சாய்வு சமாளிக்கவேண்டும். அவெஞ்சர் குரூஸ் 220, மீட்டியரின் சில வகைகள் ஆகியவற்றில் சாய்வு கம்பெனியிலேயே வரும். நாற்பது வயதைத் தாண்டிய யாரையாவது ஏற்றிப் போவதாக இருந்தால், அலங்கார விளக்குகளுக்குச் செலவழிக்கும் பணத்தை இதில் போடுங்கள்.

பின்சீட்டுக்காரரின் ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கி ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். வலப்பக்கம் ஓடும் நீண்ட சைலன்சரில் குதிகால் படுகிறதா என்றும் பாருங்கள். சித்திரை வெயிலில் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போது அந்தச் சூடு தெரியும்.

சேலை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்சக்கரத்தில் குறைந்தது பாதியை மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட் இவை மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம். அந்தத் தடுப்பைத்தான் சாரி கார்டு என்கிறோம். அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றுபவர்கள், புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை வண்டியின் நடுக்கோட்டை விட்டு இடப்பக்கம் விலகும், ஓட்டுபவர் வழியெல்லாம் வலப்பக்கம் சற்றுச் சாய்த்தே ஓட்டவேண்டியிருக்கும். கடைவீதிக்குப் பரவாயில்லை. மலைக்கு வேண்டாம், சுடிதாரோ பேண்டோ போட்டு இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் சரி. ஹெல்மெட் இருவருக்கும் உண்டு என்பதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

என் தேர்வு என்ன

விலை அடிக்கடி மாறும், அதனால் அதற்குள் போகவில்லை. சேலத்திலிருந்து ஒரு நாள், இரண்டு நாள் பயணம் போகும் ஜோடிக்கு 350 சிசி வகையே போதும், அதில் பின்சாய்வோடு வரும் குரூசர் முதல் தேர்வு. உயரம் குறைந்தவர், எடை கையாளத் தயங்குபவர், அதிகம் ஊருக்குள் ஓட்டி மாதம் ஒருமுறை வெளியே போகிறவர் என்றால் 163 கிலோ அவெஞ்சர் இன்றும் நியாயமான வண்டி, ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் என்ற குறையோடு. பெங்களூருக்கு மாதாமாதம் தொப்பூர் தாண்டிப் போகிறவர்களுக்கு 650.

அந்த 650 வாங்கும் முன் 241 கிலோவை நிறுத்தி எடுப்பதைப் பற்றி யோசியுங்கள். ஏற்காட்டில் சரிவில்லாத இடத்தில் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. முன்சக்கரம் பள்ளத்தைப் பார்க்க நிறுத்திவிட்டால், மேட்டில் பின்னோக்கித் தள்ளி எடுக்க இருவர் வேண்டும். எவ்வளவு கனமான வண்டியானாலும் பின்சக்கரத்தைப் பள்ளத்துப் பக்கம் விட்டு, முதல் கியரில் போட்டு நிறுத்தும் பழக்கம் நல்லது.

குரூசரே வேண்டாம் என்ற முடிவுக்கும் வரலாம். ஹைனெஸ், கிளாசிக் மாதிரி நிமிர்ந்து உட்காரும் வண்டிகளில் ஓட்டுபவருக்குச் சொகுசு ஒரு பிடி குறைந்தாலும் பின்னால் இருப்பவருக்கு ஒரு பிடி கூடலாம். வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அதைப் பொறுத்தது.

டெஸ்ட் ரைடுக்குப் போகும்போது பின்னால் உட்காரப்போகிறவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஷோரூம் வாசலைச் சுற்றி ஒரு வட்டம் போதாது, வேகத்தடை உள்ள ஒரு தெருவும் ஓர் ஏற்றமும் வேண்டும் என்று கேளுங்கள். கிளம்பும் முன் பிரீலோடை இருவருக்கு ஏற்றிவைக்கச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் செய்துதருவார்கள். கொஞ்ச தூரம் போனதும் இடம் மாறுங்கள். விற்பனையாளர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாருங்கள். வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை என்று ஓர் எண் இருக்கும், இருவரின் எடை, பெட்டி, சாமான் எல்லாம் அதற்குள் அடங்குகிறதா என்று அங்கேயே கூட்டிப் பாருங்கள். டெலிவரி எடுக்கும் நாளில் மாலை, தேங்காய், போட்டோ எல்லாம் முடிந்த பிறகு கருவிப் பையைத் திறந்து அந்த சி ஸ்பேனர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.